பின்முடி அரிசி

சபரிமலைக்குப் போகிறவன் தலையில் ஏற்றிக்கொள்ளும் இருமுடிக்கட்டைச் சற்றுக் கூர்ந்து நோக்கியவர்களுக்கு அதிலே ஒரு முரண்பாடு ஒளிந்திருப்பது புலப்படாமல் போகாது. ஒரே நீளப்பை, நடுவிலே ஒரு சுருக்கு, சுருக்குக்கு முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. முன்முடியில் நெய் அடைத்த தேங்காயும் கற்பூரமும் விபூதியும் பச்சரிசியும் வைத்துக் கட்டுகிறார்கள், அவை ஆண்டவனுக்கு. பின்முடியில் சோற்றரிசியும் பயறும் உப்பும் புளியும் மிளகாயும் வைத்துக் கட்டுகிறார்கள். அவை அடியவன் வயிற்றுக்கு. 41 நாள் விரதமிருந்து, உடல் பொருள் ஆவி மூன்றையும் ஐயன் பாதத்தில் ஒப்படைத்துவிட்டதாகச் சங்கற்பம் செய்துகொண்டு, அடிக்கு ஒரு சரணமாகக் கூவிக்கொண்டு மலையேறுகிற ஒருவன், மூன்று நாளைச் சோற்றை மட்டும் அவனிடம் ஒப்படைக்க மனமில்லாமல் தன் தலையிலேயே சுமந்துகொண்டு போவானேன்?

இந்தக் கேள்வி என் மனத்தில் தானாக எழுந்ததன்று. நான் கன்னிச்சாமியாக மாலையிட்ட வருஷத்தில், கட்டுநிறை நடந்த இரவு, கோயில் காரியங்களில் அரை நம்பிக்கையும் முழுப் பரிகாசமுமாகக் காலங்கழித்த என் மாமன் ஒருவர், திண்ணைத் தூணில் சாய்ந்தபடி குருசாமியைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாத்தையும் சாமி பாத்துக்கிடும்னு சொல்லுதீரே, பொறவு இந்த அரிசியும் பயறும் எதுக்குவே?" குருசாமி பூதப்பாண்டிப் பக்கத்து விவசாயி. கன்னிப்பூ அறுத்துக் களம் கண்டு, கும்பப்பூ நடவையும் முடித்துவிட்டு, வயலுக்கும் வரப்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற கார்த்திகை மார்கழியில் மலைக்குப் போய் வருவதை முப்பது வருஷத்துக்கு மேல் நியமமாகக் கொண்டிருந்தவர். அளந்துகொண்டிருந்த நாழியைக் கீழே வைக்காமலே, தலையை நிமிர்த்தாமலே, "கரிமலையில கடை கெடையாது, சாமி" என்றார். மாமன் விழுந்து விழுந்து சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கும் அப்போது, இத்தனை வருஷம் மலைக்குப் போன மனிதர் இதைவிடக் கொஞ்சம் ஆழமாக ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று ஓர் ஏமாற்றம் உண்டாயிற்று.

கேள்வி என்னவோ பழங்கேள்விதான். ஜீவன் தன்னைக் காத்துக்கொள்ளும் பிரயத்தனத்தைக் கைவிட்டபிறகுதான் ஈசுவரன் அதைக் காக்க முன்வருகிறானா, அன்றி ஜீவனும் தன் பங்குக்கு ஏதேனும் செய்துகொண்டிருக்க வேண்டுமா என்பது பற்றி ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்திருக்கிறார்கள். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் குரங்குக் குட்டியை எடுத்துக்காட்டுவார்கள். தாய் கிளைக்குக் கிளை தாவும்போது குட்டி தன் கைகளால் அதன் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டாக வேண்டும். பிள்ளை உலகாசிரியர் வழிவந்த தென்கலையார் பூனைக்குட்டியை எடுத்துக்காட்டுவார்கள். அது ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, தாய்ப்பூனையே அதைக் கவ்விக்கொண்டு போய்ச் சேர்க்கும். பிரபத்தி மார்க்கத்துக்குத் தமிழில் தலைவராய் நிற்கும் நம்மாழ்வாரின் அன்னை உடையநங்கையார் பிறந்த திருப்பதிசாரம் நாகர்கோவிலுக்கு அருகேதான் இருக்கிறது. ஆழ்வாரின் தாய்வீட்டுக்காரர்கள் என்ற பாத்தியத்தில் நாஞ்சில் நாட்டார் இந்த வழக்கில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். குரங்கு நியாயமாயினும் பூனை நியாயமாயினும், இரண்டிலும் குட்டி ஒன்றே ஒன்றுதான். பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஓர் ஈற்றுக்கு நான்கைந்து குட்டி போடும், அதற்கு இருப்பதோ ஒரு வாய். ஒன்றைக் கவ்விக்கொண்டு மாடிப்படி ஏறும்போது மற்றவை அடுப்படி மூலையில் கத்திக்கொண்டு கிடக்கும். ஒரு ஜீவனும் ஓர் ஈசுவரனுமாக நடக்கும் சம்பாஷணைக்குப் பொருந்துகிற நியாயம், பதினான்கு பேர் சேர்ந்து மலையேறும்போது அப்படியே பொருந்துமா என்பதை யாரும் விசாரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

பின்முடியே இல்லாத யாத்திரை ஒன்றும் எங்கள் ஜில்லாவிலேயே உண்டு. மாசி மாதத்துச் சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலம் வரைக்கும், பன்னிரண்டு சிவாலயங்களையும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் தரிசிக்கிற சிவாலய ஓட்டத்தைத்தான் சொல்லுகிறேன். காவியோ மஞ்சளோ ஒரு முண்டு, கையிலே ஒரு விசிறி, இடுப்பிலே சின்னஞ்சிறு பை. இவ்வளவோடு, சிவன் கோயில்களை நோக்கி 'கோவிந்தா, கோபாலா' என்று விஷ்ணு நாமத்தைக் கூவிக்கொண்டு ஓடுகிற அந்த அடியவர்களுக்குக் கட்டுச்சோற்றைப் பற்றிய சிந்தனை எழ வேண்டிய அவசியமே இல்லை. வழிநெடுகச் சுக்குநீரும் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு ஊரே காத்திருக்கிறது. நள்ளிரவிலும் விளக்கு அணைவதில்லை. அதைக் கண்டுவிட்டு, 'பார்த்தீர்களா, நம்பினவனுக்கு ஆண்டவன் படியளக்கிறான்' என்று சொல்லுகிறவர்கள் உண்டு. படியளந்தது உண்மைதான், ஆனால் அந்தக் கஞ்சிக்கு எத்தனை நாழி அரிசி, எத்தனை விறகு, எந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் என்று பத்து நாள் முன்னதாகவே உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். ஓடுகிறவனுடைய பின்முடியை ஊர் சுமந்துகொண்டிருந்தது. மலையில் ஊர் இல்லை. ஆதலால் அங்கே போகிறவன் ஊரையே தலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

எருமேலியிலிருந்து போகும் பெருவழியை நடந்தவர்கள் இதை அறிவார்கள். 1956 நவம்பர் 1 வரையில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடும் சேர்ந்திருந்தபடியால், சபரிமலை எங்களுக்கு அயல்நாட்டுத் தலமாக இருந்ததில்லை. 1950-இல் கோயில் தீக்கிரையாகி, அதன்பின் பி.டி. ராஜன் முதலியோரின் முயற்சியால் புதிய ஐயப்ப விக்கிரகம் தமிழ்நாட்டு ஊர்களில் பவனி வந்து, மதுரைக்கும் சென்னைக்கும் இந்த யாத்திரை அறிமுகமாவதற்கு முன்பே எங்கள் முன்னோர்கள் காட்டுவழியே போய் வந்துகொண்டிருந்தார்கள். எருமேலியில் பேட்டை துள்ளி, ஐயனின் தோழராகிய வாவரின் பள்ளிவாசலை வலம் வந்து, பேரூர்த்தோட்டைத் தாண்டினால் ஐயனின் பூங்காவனம் ஆரம்பமாகிறதென்பது ஐதிகம். அதன்பின் காளைகட்டி, அழுதை நதி, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரிமலை ஏற்றம், கரிமலை இறக்கம், பெரியானை வட்டம், சிறியானை வட்டம், பம்பை. பம்பையில் நீராடி நீலிமலையும் அப்பாச்சிமேடும் ஏறிச் சபரிபீடம், சரங்குத்தி, பதினெட்டாம்படி. 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. யானை நடமாடும் காடு; மண்டல, மகரவிளக்குக் காலத்தில் மட்டும் திறக்கப்படுவது. இன்ன நேரத்துக்குமேல் உள்ளே விடமாட்டோம் என்று வனத்துறையினர் இப்போது விதித்திருப்பதை, எங்கள் குருசாமி அந்தக் காலத்திலேயே தமக்குத்தாமே விதித்துக்கொண்டிருந்தார்.

அவர் திட்டமிட்ட முறையை இன்று நினைத்துப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. அவருக்கு வரைபடம் கிடையாது. ஒரு பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிய பத்துப் பன்னிரண்டு வரிகள்தான். முதல் இரவு அழுதைக் கரையில் விரி. இரண்டாம் இரவு முக்குழியில். மூன்றாம் இரவு பம்பையில். முழு மூச்சாக நடக்கக்கூடியவர்கள் முதல் நாளே அழுதை மேட்டைத் தாண்டிவிடலாமே என்று எங்களில் சில இளைஞர்கள் கேட்டபோது, கரிமலையை விடியற்காலைக் குளிர்ச்சியில் ஏற வேண்டுமென்பதற்காகவே கணக்கைப் பின்னிருந்து முன்னாகப் போட்டிருப்பதாகச் சொன்னார். நடக்கும் வரிசைக்கும் ஒரு விதி இருந்தது. வழி தெரிந்த பழைய சாமி ஒருவர் முன்னால்; அவருக்கு அடுத்தாற்போல், கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர்; அவருக்குப் பின்னால் மற்றவர்கள்; எல்லோருக்கும் கடைசியில் குருசாமி. மெதுவாக நடக்கிறவனைப் பின்னால் விட்டால் அவன் நம்மை எட்டிப்பிடிப்பதற்குள் நாம் இளைப்பாறி எழுந்துவிடுவோம், ஆகவே இளைப்பாறுதல் தேவைப்படுகிறவனுக்கே அது கிடைக்காமல் போய்விடும் என்பது அவர் கூறிய காரணம். உலகத்தில் எத்தனையோ ஸ்தாபனங்கள் இந்தச் சிறிய உண்மையை அறியாமல் நடந்துகொண்டிருக்கின்றன.

அரிசிக் கணக்குத்தான் இன்னும் நுட்பமானது. ஒரு வேளைக் கஞ்சிக்குத் தலைக்கு உரி அரிசி. மூன்று நாளில் ஆறு வேளை. ஆக ஆளுக்கு 3 நாழி. அவரவர் பின்முடியில் அவரவர் 3 நாழி. ஆனால் காட்டிலே தனித்தனிப் பானை கிடையாது, ஒரே உலைதான். முதல் நாள் அந்த உலையில் விழுவது வயதானவர்களின் பின்முடி அரிசி; அடுத்த நாள் நடுவயதினருடையது; கடைசி வரையில் சுமப்பது இளைஞர்கள். இதன் விளைவாக, முதிய சாமிகள் அழுதை மேட்டில் கால் வைக்கும்போது அவர்களுடைய கட்டு ஏறக்குறைய முன்முடி அளவுக்கு லேசாகிவிடும். நானோ என் வீட்டுக் கன்னிப்பூ அரிசியைக் கரிமலை உச்சி வரையில் சுமந்தேனே தவிர, அதில் எத்தனை பருக்கை என் வயிற்றுக்குள் போயிற்று என்று சொல்ல முடியாது. கட்டுநிறையின்போது என் அம்மை மூன்று தடவை கைநிறைய அள்ளி இட்ட அரிசி வேறு யாருக்கோ கஞ்சியாயிற்று. யாரோ ஒரு தாய் இட்ட அரிசியை நான் முதல் நாளே குடித்துத் தீர்த்திருந்தேன்.

அந்தக் கணக்கில் ஒரு பிழையையும் கண்டுபிடித்தேன். நாங்கள் 14 பேர். 42 நாழி போதும். ஆனால் அளந்திருந்தது 45. அளவில் கைதவறிவிட்டதென்று எண்ணி நான் சுட்டிக்காட்டியபோது குருசாமி, "இருக்கட்டும் சாமி, அது நம்ம கெட்டுல இருக்கட்டும்" என்று சொல்லி அந்த 3 நாழியையும் தம்முடைய பின்முடியிலேயே கட்டிக்கொண்டார். ஆளில்லாத அந்தப் பங்கு யாருக்கு என்று விளக்கவில்லை. வழியிலே பசித்தவன் எவனாவது வந்து கை நீட்டுவான், கதை சுபமாக முடியும் என்று நான் மூன்று நாளும் எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. பம்பையில் அந்த அரிசியையும் சேர்த்துப் பொங்கி நாங்களே சாப்பிட்டோம். குருசாமி முகத்தில் அதைப் பற்றித் திருப்தியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. மறுவருஷமும் ஓராள் கூடுதலாகவே அளந்தார்.

மலைப் பிரயாணத்தைத் துறவின் சிகரமாகக் காட்டும் சரிதங்கள் நம்மிடம் குறைவில்லை. திருநாவுக்கரசர் கயிலைக்கு நடந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பாடியிருக்கும் முறையைப் படிக்கும்போது உடம்பு நடுங்குகிறது. காளத்தியிலிருந்து வடக்கே நடந்து காசியை அடைந்த அரசர், உடன் வந்த அடியார்களை அங்கேயே விட்டுவிட்டுத் தன்னந்தனியராய்ப் புறப்படுகிறார். உணவை விடுகிறார், உறக்கத்தை விடுகிறார். கால் தேய்ந்தபின் கையால் ஊர்கிறார், கை தேய்ந்தபின் மார்பால் உந்துகிறார், மார்பும் நைந்தபின் உருளுகிறார். முனிவர் வேடத்தில் வந்த இறைவன், மானிடர்க்கு ஆகாத வழி, திரும்பிவிடும் என்றபோதும் திரும்ப மறுக்கிறார். இங்கே பின்முடி இல்லை, கணக்கு இல்லை, திட்டம் இல்லை, பூனைக்குட்டிக்குரிய பரிபூர்ண சரணாகதி இதுதான். ஆயினும் ஓர் அம்சத்தைக் கவனிக்க வேண்டும். தம்முடைய பசியை இவ்வாறு துறக்கத் துணிந்த அந்த மகான், துறப்பதற்கு முன்னால், தம்மோடு வந்தவர்களைச் சோறும் நீரும் கிடைக்கிற காசியிலே நிறுத்திவிட்டார். அந்தத் துறவுக்குள் அவர்களையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. கடைசியில் இறைவன் அவருக்குக் காட்டியது எதை? வடதிசைப் பனிமலையையன்று, பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே எழச் செய்து, களிறும் பிடியும், சேவலும் பேடையுமாக, துணையோடு துணையாக வருகிற உயிர்களிலே அம்மையப்பனைக் காட்டினான். தனியே போனவருக்குக் கிடைத்த தரிசனத்தில் தனியாக நின்ற உயிர் ஒன்றுகூட இல்லை.

பாரதத்தின் முடிவிலே தருமபுத்திரன் நடத்திய மலைப் பிரயாணம் இதற்கு நேர்மாறானது. எனக்கு மிகவும் கலக்கத்தை உண்டாக்குவதும் அதுவே. ஐந்து சகோதரர்களும் திரௌபதியும், பின்தொடர்ந்து வந்த ஒரு நாயும் மேருவை நோக்கி நடக்கிறார்கள். முதலில் திரௌபதி விழுகிறாள். பின் சகாதேவன், நகுலன், அருச்சுனன், இறுதியில் பீமன். ஒவ்வொருவரும் விழும்போது பீமன் காரணம் கேட்கிறான்; தருமன் அவர்களிடமிருந்த குறை இன்னதென்று சொல்லுகிறானே ஒழியத் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர்ச் சிவாலய ஓட்டக் கதையிலும் இதே தருமன் வருகிறான். மனிதனும் மிருகமும் கலந்த புருஷாமிருகத்தின் எல்லையில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அகப்பட்ட தம்பி பீமனின் உடலில் பாதி அந்த மிருகத்துக்கே சொந்தம் என்று, தம்பி என்றும் பாராமல் தீர்ப்புச் சொல்லுகிறான். நியாயத்தில் குறையில்லாதவன்தான், ஆனால் அப்படிப்பட்டவன் என் குருசாமியாக இருந்திருந்தால் அவனோடு கரிமலை ஏற எனக்குத் துணிவு வந்திராது. வியாசருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், மனைவியும் தம்பியரும் விழுந்தபோது நிற்காத அதே மனிதன், இந்திரன் தேரோடு வந்து அழைக்கும்போது, அடைக்கலமாக வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பானேன்? சுவர்க்கத்திலே தம்பியரைக் காணாமல், அவர்கள் நரகத்தில் இருப்பதாகக் கண்டபோது, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்பானேன்? மலைவழியில் திரும்பிப் பாராமல் விட்டதற்கெல்லாம் மலையுச்சியில் அவன் ஈடு கட்ட வேண்டியிருந்தது என்றே நான் கொள்ளுகிறேன்.

இவ்விரண்டு சரிதங்களையும் குருசாமியின் 45 நாழியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் என் மாமனுடைய கேள்வியில் இருந்த வழு எனக்கு விளங்கிற்று. 'சாமி பாத்துக்கிடும்' என்பது யாருடைய பசியைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தை? என் பசியை நான் ஆண்டவன்மேல் போடலாம். அது எனக்கும் அவனுக்கும் உள்ள வியவகாரம். அவன் சோறு தந்தால் உண்பேன், தராவிட்டால் பட்டினி கிடப்பேன், அதில் ஒரு பெருமிதம்கூட உண்டு. பக்கத்தில் நடக்கிறவனுடைய பசியை அவன்மேல் போடுவதற்கு எனக்கு அதிகாரம் கொடுத்தது யார்? அந்த இடத்தில் 'சாமி பாத்துக்கிடும்' என்று சொல்லுவது பக்தியின் பாஷையாகத் தோன்றினாலும் சோம்பேறித்தனத்தின் பாஷையேயாகும். தன்னைப் பற்றிய வரையில் பூனைக்குட்டியாகவும், பிறரைப் பற்றிய வரையில் தாய்ப்பூனையாகவும் இருக்கிறவனுக்குத்தான் குருசாமி என்ற பெயர் தகும். திட்டமிடுவது அவநம்பிக்கையின் அடையாளம் என்று கருதுகிறவர்கள், யாருக்காகத் திட்டமிடுகிறோம் என்பதை விசாரிக்க மறந்துவிடுகிறார்கள். தனக்காக மட்டும் மூட்டை கட்டுகிறவனை வேண்டுமானால் அவர்கள் பரிகசிக்கட்டும், அந்தப் பரிகாசத்தில் நானும் கலந்துகொள்ளுகிறேன்.

மூட்டை கட்டத் தெரிந்தவனுக்கும் ஓர் அகந்தை வந்துவிடக்கூடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1987-இல் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் அகத்தியமலைக் காட்டுக்குள் காணி மக்களை வழிகாட்டிகளாக அழைத்துக்கொண்டு போனார்கள். 1868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை உடைய மலைத்தொடர் எங்கள் ஜில்லாவுக்கு வடக்கே தொடர்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காடுகளிலும் காணிக்குடிகள் உண்டு. எல்லா ஏற்பாடுகளோடும் போன ஆராய்ச்சியாளர்கள் ஏற்றத்தில் சோர்ந்து போனார்கள். அவர்களுடன் நடந்த காணி இளைஞர்களோ ஏதோ ஒரு சிறு கனியை இடையிடையே மென்றுகொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். அந்தக் கனியைக் கேட்டு வாங்கித் தின்றபோது தங்களுக்கும் புத்துணர்ச்சி உண்டானதாக அவர்கள் சொன்னார்கள். ஆரோக்கியப்பச்சை என்று இன்று உலகம் அறிந்த மூலிகை அதுதான். பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை ஆக்கி, வருமானத்தில் ஒரு பங்கைக் காணி மக்களுக்கே தரும் ஏற்பாட்டையும் செய்தது. நாம் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திக்கொண்டவனுடைய மடியில் நம்முடைய பின்முடி இருந்திருக்கிறது! ஆகையால் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டாலும், கணக்குக்குள் வராத ஒருவன் கையை எதிர்பார்க்க வேண்டிய நாழிகை ஒன்று மலையில் எல்லோருக்கும் வரும்.

பம்பை வரையில் மோட்டார் வண்டி போக ஆரம்பித்த பிறகு பின்முடி படிப்படியாக இளைத்துவிட்டது. வழியெல்லாம் கடை, கையிலே பணம், இப்போது பின்முடியில் சம்பிரதாயத்துக்காக ஒரு பிடி அரிசி, அதற்குமேல் ஒரு துண்டு, ஒரு கைப்பேசிக் கம்பி. அதைக் குறையென்று நான் சொல்ல வரவில்லை. கடை இருக்கிற இடத்தில் அரிசி சுமப்பது மூடத்தனம். ஆனால் அரிசியோடு, பிறருக்காகக் கணக்குப் போடும் பழக்கமும் போய்விடக் கூடாது. விரதகாலத்தில் ஒருவரையொருவர் 'சாமி' என்று அழைக்கிறோம். குழந்தையும் சாமி, கிழவரும் சாமி, தேநீர்க் கடைக்காரரும் சாமி. பதினெட்டுப் படிக்கு மேலே சந்நிதியில் 'தத்துவமஸி' என்று சாந்தோக்கிய உபநிஷத்தின் மகாவாக்கியத்தை எழுதியும் வைத்திருக்கிறார்கள். எதிரே வருகிறவனும் அதுவே, நீயும் அதுவே என்று பொருள் சொல்லுகிறோம். ஆனால் 1999 ஜனவரி 14 அன்று பம்பையில் 50-க்கு மேற்பட்டோரும், 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில் 100-க்கு மேற்பட்டோரும் நெரிசலில் மாண்டார்கள். மகரஜோதியைக் கண்டு திரும்பியவர்கள். ஒவ்வொருவர் வாயிலும் சரணகோஷம் இருந்திருக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சாமி என்றே அழைத்திருப்பார்கள். அவ்வளவு ஜனங்கள் அந்த வழியாக எப்படி இறங்குவார்கள் என்று முன்கூட்டியே பின்னிருந்து முன்னாகக் கணக்குப் போட்டவர் மட்டும் யாரும் இல்லை.

பிறரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குருசாமி காலமான பிறகு, வேன் பிடித்துப் போகிற ஒரு கூட்டத்தோடு ஒரு வருஷம் பெருவழிக்குப் போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், வேகம் ஒன்றுதான் அவர்களுக்கு விரதம். முக்குழியில் தங்க வேண்டியதில்லை, ஒரே மூச்சில் பம்பைக்குப் போய்விட்டால் மறுநாள் கூட்டத்துக்கு முன்னால் படியேறிவிடலாம் என்று தீர்மானமாயிற்று. கரிமலையை உச்சிவெயிலில் ஏறினோம். வரிசை என்று ஒன்று இல்லை. கால் வலுத்தவன் முன்னால், இளைத்தவன் பின்னால். நானும் முன்னால் போனவர்களில் ஒருவன். பின்னால் ஒருவர் மூச்சு வாங்குகிற சத்தம் காதில் விழுந்தபோதும், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். பம்பையில் தலை எண்ணியபோது இரண்டு பேர் குறைந்தார்கள். ஒருவர் சர்க்கரை நோயாளி, மற்றவர் அவரை விட்டுவர மனமில்லாத அவருடைய மைத்துனர். ஐந்து மணி நேரம் கழித்து, நன்றாக இருட்டிய பின், வேறொரு கூட்டத்தார் இருவரையும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கரிமலைக்கு மேலே உட்கார்ந்துவிட்டவர்களைக் கண்டு, தங்கள் பானையிலிருந்து கஞ்சியும் பயறும் கொடுத்துத் தேற்றி, இறக்கத்தில் மெதுவாக நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். பானையில் மிச்சம் இருந்தது, யாரும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளவில்லை என்று மைத்துனர் பிறகு என்னிடம் சொன்னார். நாங்கள் அவசரமாக நன்றி சொல்லிவிட்டு, நீலிமலை ஏறப் புறப்பட்டோம்; அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.